வாசலுக்கு வெளியே நாலாவது சரணம்

திருச்சபையின் வரலாற்றை எழுதும் பொறுப்பு கண்ணாடிக்கடைக்காரரின் தலையில் வந்து விழுந்ததற்கு அவருடைய எழுத்துத் திறமை காரணமல்ல. பவள விழாக் கமிட்டிக் கூட்டத்தில் பேக்கரிக்காரர், "யாராவது எழுதணுமே" என்று சொன்ன நேரம் பார்த்து, இவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் இவருக்கு எதிரில் இருப்பது ஆளா தூணா என்று தெரியாது. மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தூக்கிய கைக்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டு என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யாரிடமும் எதற்கும் வேண்டாம் என்று சொல்லாமலே பிழைப்பை ஓட்டியவர் அவர். தவிர, உள்ளுக்குள் அவருக்குக் குளுகுளு என்றிருந்தது. வாழ்நாள் முழுக்க இடது கண்ணுக்கு இவ்வளவு, வலது கண்ணுக்கு இவ்வளவு என்று எழுதியே தேய்ந்த பேனாவுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இனி எப்போது வரும்? ஒரே வாரத்தில் அவர் தன்னை எழுத்தாளர் என்றே நினைக்க ஆரம்பித்துவிட்டார். கடையில் கிட்டப்பார்வை சோதிக்கும் அட்டையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, வரலாற்றின் முதல் பக்கத்தைப் பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரை அச்சடித்துத் தொங்கவிட்டார். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்க வந்தவர்களெல்லாம் சபை உருவான கதையை வாய்விட்டுப் படிக்க வேண்டியதாயிற்று.

"மூணாவது வரி வரைக்கும் தெளிவா இருக்குங்க. அதுக்கு மேல ஒண்ணும் புரியல" என்றார் ஒரு பஸ் டிரைவர்.

"கண்ணைச் சுருக்காம படிங்க."

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. எழுதியிருக்கிறதுதான் புரியல."

அவருக்கு மட்டும் கண்ணாடியின் விலையில் ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை நம்மவர்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் வேறொரு சங்கடம் தெரிந்தது. எந்தப் பக்கம் தோண்டினாலும் சண்டைதான் வந்தது. ஆலயத்தின் வாசல் தெருவைப் பார்த்து இருப்பதா, ஆற்றைப் பார்த்து இருப்பதா என்று ஒரு சண்டை. அது முடிவதற்குள் கொத்தனார் பொறுமை இழந்து, தனக்குத் தோதான பக்கம் வாசலை வைத்துவிட்டுப் போய்விட்டார். மணியை எத்தனை முறை அடிப்பது என்று ஒரு சண்டை. பெஞ்சுகளுக்குச் சாய்மானம் வைக்கலாமா, வைத்தால் பிரசங்கத்தில் தூக்கம் வருமா என்று பல வருஷம் நீடித்த பெரிய சண்டை. அதில் இரண்டு சம்பந்திகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். சாய்மானம் இல்லாத காலத்திலும் எல்லோரும் நன்றாகத் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எல்லோரும் பக்திமான்கள்தான். பக்தி இல்லாதவனுக்கு மணி எத்தனை முறை அடித்தால் என்ன?

இத்தனை சண்டைகளிலும் இன்னும் முடியாத சண்டை ஒன்று உண்டு. அது கண்ணாடிக்கடைக்காரரின் சொந்த அண்ணனுடையது.

அண்ணன் பூட்டு ரிப்பேர் செய்பவர். கடை ஆலயத்துக்கு நேர் எதிரே, தெருவின் அந்தப் பக்கம். ஒரு காலத்தில் சபையின் பாட்டு முழுக்க அவர் கையில் இருந்தது. முன்பெஞ்சில் நின்று அவர் குரலெடுத்தால் மற்றவர்கள் பின்னால் போகலாம், அல்லது வாயை மூடிக்கொண்டு நிற்கலாம். ஆராதனையின் கடைசிப் பாட்டு இந்தச் சபையில் என்றைக்கும் ஒரே பாட்டுதான். அதற்கு நான்கு சரணம். நாலாவது சரணம் அவர்களுடைய அம்மாவுக்கு உயிர். பாத்திரம் கழுவும்போதும் அதுதான், துணி மடிக்கும்போதும் அதுதான். அம்மாவை அடக்கம் செய்த அன்று குழிமேட்டில் நின்று அண்ணன் பாடியதும் அதைத்தான்.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு போதகர் வந்தார். அவருடைய பிரசங்கம் நீளம். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகிறது என்று புகார் கிளம்பியதும் கமிட்டி கூடி, நேரத்தை மிச்சப்படுத்தத் தீர்மானம் போட்டது: கடைசிப் பாட்டில் இனி மூன்று சரணம் போதும். "வெட்டுறதுன்னா பிரசங்கத்தை வெட்டுங்கய்யா!" என்றார் அண்ணன். யாரும் கேட்கவில்லை. அந்த ஞாயிறு மூன்றாவது சரணம் முடிந்து எல்லோரும் வாயை மூடியதும், "இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கித் தெருவைத் தாண்டினார். தம்பியான நம்மவர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். பிறகு, எழுந்தது சட்டையைச் சரிசெய்யத்தான் என்பதுபோல உட்கார்ந்துகொண்டார்.

அண்ணன் போனாரே தவிர, பாட்டை விடவில்லை. உள்ளே மூன்றாவது சரணம் முடிந்ததும் எதிர்க்கடையிலிருந்து நாலாவது சரணம் வரும். ஒற்றைக் குரல், முழுசாக, அவசரப்படாமல். முதலில் சபைக்குக் கோபம் வந்தது, பிறகு வெட்கம், அதன் பிறகு பழக்கம். போதகர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் சாவியைக் கொடுக்கும்போது, மணிக் கயிறு நைந்திருக்கிறது, கோபுரத்தில் வௌவால் இருக்கிறது, கடைசிப் பாட்டுக்குப் பிறகு எதிர்க்கடை முடியும் வரை பொறுத்து ஆசீர்வாதம் சொல்லவும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சபையார் தலை குனிந்து நிற்பார்கள். கேட்காததுபோல நிற்பது என்று பெயர். வெளியூரிலிருந்து வந்தவர்கள், "உங்க ஆராதனைமுறை ரொம்ப உருக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

சபதத்தை அண்ணன் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். ஆலயக் கதவின் பூட்டு மக்கர் செய்தால், அதைக் கழற்றித் தெருவைத் தாண்டி எடுத்துப் போக வேண்டும். ஒருமுறை பூட்டைக் கழற்ற வராமல் கதவையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பெற்ற மகளின் கல்யாணத்தன்று மகளைக் கைபிடித்து வாசற்படி வரை கூட்டி வந்து, அங்கே தம்பியின் கையில் ஒப்படைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டுத்தான் ஆசீர்வதித்தார். மாப்பிள்ளை கொஞ்சம் உயரமானவர் என்பதால் கை எட்டியது.

அண்ணனும் தம்பியும் பேசாமல் இருந்ததில்லை. ஞாயிறு மத்தியானம் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். அரசியல் பேசுவார்கள், மூட்டுவலி பேசுவார்கள். தெருவின் அந்தப் பக்கம் ஒரு ஆலயம் இருப்பதை மட்டும் இருவரும் பேசுவதில்லை.

வரலாறு எழுதும் செய்தி பரவிய வாரம், அண்ணி கடைக்கு வந்தார். அண்ணி ஒரு ஞாயிறும் தவறாமல் உள்ளே வந்து உட்காருபவர். மூக்குக் கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டதாகச் சொல்லித்தான் வந்தார். திருகு உறுதியாகவே இருந்தது.

"தம்பி, அந்தப் புத்தகத்துல உங்க அண்ணன் சங்கதி வருதா?"

"எழுதியிருக்கேன் அண்ணி. மூணு பக்கம்."

"மூணு பக்கமெல்லாம் வேண்டாம். இப்படி ஒரு மனுஷன் இதுக்காகக் கோவிச்சுக்கிட்டு வெளிய நிக்கிறான்னு ஒரு வரி இருந்தாப் போதும். அவருக்கு யாரும் தப்புன்னு ஒத்துக்க வேண்டாம். நடந்துச்சுன்னு சொன்னாப் போதும். வாயைத் திறந்து கேக்க மாட்டாரு. ஆனா தினம் ராத்திரி சாப்பிடும்போது, தம்பி எழுதுறானாமே, எழுதுறானாமேன்னு சொல்லிட்டே இருக்காரு."

கண்ணாடிக்கடைக்காரர் இறுகியிருந்த திருகையே மறுபடி இறுக்கினார்.

"போன மாசம் டாக்டர் மாத்திரையைக் கூட்டிட்டாரு. பாடும்போது மூச்சு வாங்குது. நீங்களே கேட்டிருப்பீங்களே" என்றார் அண்ணி. பிறகு கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டு, "கடைசியில நாலு பேரு தூக்கிட்டுத்தான் அவர் உள்ள வரணுமா, தம்பி?" என்று கேட்டார்.

அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனைப் பெட்டியில் வைத்து, அண்ணன் சரிசெய்த பூட்டைத் திறந்து, அந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுவரும் காட்சி கண் முன்னால் நின்றது. அந்தக் காட்சியில் தான் எங்கே நிற்கிறோம் என்றும் பார்த்தார். பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து நின்றுகொண்டிருந்தார். எப்படியும் அந்த வரியை உள்ளே கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தார். மனைவியிடம்கூட உறுதியாகச் சொன்னார். மனைவி, "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

கமிட்டி கூடியது. போதகர், பேக்கரிக்காரர், ரிட்டயர்டு டீச்சர், பல் டாக்டர். போதகர் வயதில் சின்னவர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கண்ணாடிக்கடைக்காரர் நாற்பது பக்கத்தையும் ஏற்ற இறக்கத்தோடு படித்தார். முடித்ததும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அருமையா இருக்கு. ஆனா இந்தச் சண்டை சச்சரவெல்லாம் எதுக்கு? வெளியாளுங்க படிப்பாங்கல்ல? ஆசீர்வாதமா எழுதுங்க" என்றார்.

"வாசல் சண்டையை எடுத்துடலாம்" என்றார் பேக்கரிக்காரர், அதில் தோற்றது அவருடைய தாத்தா என்பதால். சாய்மானச் சண்டையை எடுத்துவிடலாம் என்றார் பல் டாக்டர். அவர் சம்பந்தி வீட்டு ஆள். இப்படி ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டே போனதில் எழுபத்தைந்து வருஷ வரலாறு ஒன்றரைப் பக்கமாக வற்றியது. ஆலயம் கட்டப்பட்டது. ஓடு மாற்றப்பட்டது. மின்விசிறி வந்தது. எல்லோரும் ஒருமனப்பட்டு வாழ்ந்தார்கள்.

"நாலாவது சரணம்..." என்று இழுத்தார் கண்ணாடிக்கடைக்காரர்.

"அது உங்க குடும்ப விஷயம் மாதிரி ஆயிடும். நீங்களே எழுதி நீங்களே படிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார் பேக்கரிக்காரர், கரிசனத்தோடு.

மேஜையை ஓங்கித் தட்டும் சந்தர்ப்பம் அது. நம்மவர் தட்டினார். தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட் துணுக்கைக் கீழே தட்டினார். "சரிங்க" என்றார்.

பவள விழா ஞாயிறு. ஆலயம் நிரம்பி வழிந்தது. இடம் கிடைக்காமல் முற்றத்தில் நிற்பவர்களுக்காகப் பேக்கரிக்காரர் தன் செலவில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார். அதன் வாய் நேராகப் பூட்டுக்கடையைப் பார்த்து இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் மைக்குக்கு முன்னால் போனபோது ஜன்னல் வழியாக அண்ணன் தெரிந்தார். வேலை எதுவும் செய்யாமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முக்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தார். ஒரு கையைக் காதருகே வைத்திருந்தார்.

அந்தச் சட்டையைப் பார்த்ததும் நம்மவர் காகிதத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அப்படியே ஒன்றரைப் பக்கத்தையும் படித்தார். ஓடு மாற்றப்பட்டது, மின்விசிறி வந்தது, எல்லோரும் ஒருமனப்பட்டு வாழ்ந்தார்கள். கைதட்டல் எழுந்தது. ஜன்னல் பக்கம் திரும்பாமல் பெஞ்சுக்குப் போனார். அண்ணி இவரைப் பார்க்கவில்லை. மனைவி பார்த்தாள். அதற்குப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று சரணம். எல்லோரும் தலை குனிந்தார்கள். போதகர் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை.

போதகரின் கை வலித்திருக்க வேண்டும். மெல்ல இறக்கினார். யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை "முடிஞ்சுதா?" என்று கேட்டது. பேக்கரிக்காரர் ஓரக்கண்ணால் ஜன்னலைப் பார்த்தார். டீச்சர் வெளிப்படையாகவே எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷம் கேட்காததுபோல நின்ற அத்தனை பேரும் இப்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தச் சரணம் இல்லாமல் ஆராதனையை எப்படி முடிப்பது, எப்படி வீட்டுக்குப் போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மூச்சு வாங்குகிறது என்று அண்ணி சொன்னது கண்ணாடிக்கடைக்காரருக்கு ஞாபகம் வந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தார். அண்ணன் நன்றாகத்தான் இருந்தார். முக்காலியை உள்ளே திருப்பிப் போட்டு, ஆலயத்துக்கு முதுகு காட்டி, ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். சலவைச் சட்டையின் மேல் வேலைத்துணியைக் கட்டியிருந்தார். அந்த முதுகு இனி எந்த ஞாயிறும் பாடப்போவதில்லை என்பது நம்மவருக்குத் தெரிந்துபோயிற்று.

பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். மனைவி அவர் முதுகில் கை வைத்து மீதியையும் தள்ளிவிட்டாள்.

மைக்குக்கு முன்னால் எப்படி வந்து சேர்ந்தோம் என்பது அவருக்கே தெரியாது. "ஒரு வரி விட்டுப்போச்சு" என்றார். "மூணு சரணம் போதும்னு நாம தீர்மானம் போட்டோம். போதாதுன்னு எங்க அண்ணன் வெளிய போனாரு. அன்னிலேருந்து நாலாவதை அவர் ஒருத்தரே நமக்காகப் பாடிட்டு இருக்காரு. நாம எல்லாரும் கேட்டோம். கேக்கலன்னு பொய் சொன்னோம். நான்தான் அதிகமா சொன்னேன். அவ்வளவுதான் வரலாறு."

தெருவில் அந்த முதுகு அசையவில்லை. ஒருவேளை அரத்தின் சத்தத்தில் காதில் விழவில்லையோ என்னவோ. இனி பேசிப் பயனில்லை என்று கண்ணாடிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நாலாவது சரணத்தைப் பாட ஆரம்பித்தார்.

அம்மா வாயிலும் அண்ணன் வாயிலும் ஆயிரம் முறை கேட்ட சரணம். பாடிவிடலாம் என்றுதான் நினைத்தார். "ஊரெல்லாம் அடங்கும் வேளை" என்று முதல் வரி சரியாகவே வந்தது. அடுத்த வரிக்கு வாயைத் திறந்தால், காலையைப் பற்றிய இரண்டாவது சரணத்திலிருந்து ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது: "உதயம் கண்டு பாடுவோம்." தீர்மானத்துக்குப் பிறகு அச்சடித்த பாட்டுப் புத்தகத்தில் நாலாவது சரணம் இல்லாததால் யாருக்கும் திருத்தத் தெரியவில்லை. சபை மொத்தமும் அவரை நம்பி, ஊரடங்கும் வேளையில் உதயம் கண்டு, உரத்த குரலில் பாடியது. ஒலிபெருக்கி அதை அப்படியே வாங்கித் தெருவில் கொட்டியது.

அரம் நின்றது.

"நிறுத்துங்கடா!"

அண்ணன் தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். ஒரு ஸ்கூட்டர்காரர் திட்டிக்கொண்டே விலகினார். முற்றத்தில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். கையில் அரம், இடுப்பில் வேலைத்துணி, முகமெல்லாம் ரத்தம் ஏறியிருந்தது. வாசற்படி, நடைபாதை, முன்பெஞ்சு எதுவும் அவர் கண்ணில் படவில்லை. நேராக வந்து தம்பிக்கு முன்னாலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"பொழுது அடங்குற நேரத்துல எவன்டா உதயத்தைப் பாப்பான்? அம்மா கேட்டிருந்தா உன் காதைத் திருகியிருப்பா! எல்லாரும் சொல்லுங்க, எனக்குப் பின்னால."

ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார். சபை பள்ளிப் பிள்ளைகள்போலத் திருப்பிச் சொன்னது. பேக்கரிக்காரர் சுருதி விலகியதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அண்ணன் மூச்சை இழுத்து, முழுச் சரணத்தையும் பாடினார், சபை பின்னால் போயிற்று:

ஊரெல்லாம் அடங்கும் வேளை
உம் விளக்கு என்னருகே;
பேர் மறந்து போன போதும்
பிள்ளை என்பீர், போதுமே.

பாடி முடித்த பிறகுதான் அண்ணன் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். எங்கே நிற்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது. அவருக்குப் புரிந்தது என்பது சபைக்கும் புரிந்தது. கண்ணாடிக்கடைக்காரர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று துடித்தார். சொல்லி அதையும் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து நின்றார்.

அண்ணனின் பார்வை முன்பெஞ்சில் வந்து நின்றது.

"இதுக்கு எப்போ சாய்மானம் வெச்சீங்க?"

"ரொம்ப வருஷம் ஆச்சுண்ணே" என்றார் தம்பி. "உக்காந்து பாரு."

அண்ணன் அரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாய்ந்து பார்த்தார். "முதுகுக்குப் பரவாயில்ல" என்றார். போதகர் அவசர அவசரமாக ஆசீர்வாதத்தைச் சொல்லி முடித்தார், அவர் மறுபடி எழுந்துவிடுவதற்குள்.

வாசலில் அண்ணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றார். துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல. "நடந்தே வந்துட்டாரு, தம்பி" என்றார். நம்மவர் தெருவென்றும் பாராமல் விம்மி அழுதார். தும்மல் என்று சமாளிக்கப் பார்த்தார், யாரும் நம்பவில்லை.

தீர்மானத்தை இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்யக் கமிட்டி கூட வேண்டும், கூடினால் சண்டை வரும். ஆகவே சட்டப்படி மூன்று சரணம்தான். மூன்றாவது முடிந்ததும் எல்லோரும் புத்தகத்தை மூடுகிறார்கள், பிறகு நாலாவதைப் பாடுகிறார்கள். அண்ணன் முன்பெஞ்சில் தம்பிக்குப் பக்கத்தில் நிற்கிறார். தெருவைத் தாண்டி வந்த வரை உருக்கமாக இருந்த குரல், காதை ஒட்டி வரும்போது தகரத்தை அறுப்பது போலத்தான் இருக்கிறது. போதாததற்கு இவர் தப்பாகப் பாடினால் முழங்கையால் ஓர் இடி. பெஞ்சின் அந்தக் கோடியில் நிறைய இடம் காலியாகக் கிடக்கிறது. கண்ணாடிக்கடைக்காரர் நகர்ந்து நிற்பதில்லை.